நாற்பத்தோராம் பக்கத்து ஆள்

வாங்க தாயி. கேட்டைத் தள்ளாதீங்க. தள்ளினா சத்தம்தான் வரும், திறக்காது. பூட்டு உங்க பக்கம் தொங்குது பாருங்க. சாவி எம்பொண்ணு கோமதி கைப்பையில இருக்கு. அவ ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரை மூடிட்டு அஞ்சரைக்கு வருவா. நீங்க அந்தப் படியில உட்காருங்க, நான் இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கிறேன். கம்பிக்கு நடுவுல பேசுறதுக்குக் கூச்சப்படாதீங்க. முப்பத்தொரு வருஷம் கண்டக்டரா பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எல்லார்கிட்டயும் பேசியிருக்கேன்.

லைப்ரரியில இருந்துதானே? பையைப் பார்த்ததும் தெரிஞ்சுது. வழக்கமா வீட்டுக்குப் புஸ்தகம் கொண்டு வர்ற பொண்ணு வரலையா? அதுவும் கண்ணாடிதான் போட்டிருக்கும். உங்களை மாதிரியே ஒல்லி. நல்ல பொண்ணு. ஆனா நான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டும். நீங்க ஆட்டாதீங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. உங்க பேரு என்ன? வெண்ணிலாவா? அந்தப் பொண்ணு பேரும் அப்படித்தான் என்னமோ வரும். சரி.

சனிக்கிழமை விஷயமாத்தான் வந்திருக்கீங்க. லெட்டர் இதோ, மடிப்புக் கலையாம வெச்சிருக்கேன். கோமதி திங்கட்கிழமையே சத்தமா வாசிச்சா. "திரு. தவசிமுத்து அவர்களுக்கு. நூலக வார விழாவில் தங்களைச் சிறந்த வாசகராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்க உள்ளோம். நாவல்களின் கடைசிப் பக்கத்தில் தாங்கள் எழுதியுள்ள நேர்மையான கருத்துகள் விழாவில் வாசிக்கப்படும்." கீழே ரெண்டு கட்டம். கலந்துகொள்கிறேன், கலந்துகொள்ள இயலாது. ஒண்ணுல டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டா நீங்க வாங்கிட்டுப் போயிடலாம்.

கோமதிக்கு ஒரே சந்தோஷம். "சனிக்கிழமை லீவு சொல்லிட்டேம்ப்பா. நானே திறந்து நானே கூட்டிட்டுப் போறேன்"னா. வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு மாட்டிட்டா. மாப்பிள்ளைகூட, "மாமாவுக்கு ஸ்பெஷல் டிரிப்பு"ன்னாரு. அவரு எப்பவும் இப்படித்தான், என் பாஷையிலயே என்னைக் கிண்டல் பண்ணுவாரு.

டிக் பண்றது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும். சொல்லாம டிக் பண்ணினா அது டிக்கெட் போடாம ஆளை ஏத்தின கதைதான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. எனக்குப் போகணும். ரொம்பப் போகணும். இந்த மாடியில இருந்து கீழே நாற்பத்திரண்டு படி. அதை இறங்கி ஒரு மாசம் இருக்கும். கோமதி ஒண்ணரை வருஷம் ஆச்சுங்கிறா. அவளுக்குச் சின்னதுல இருந்தே நாள் கணக்கு வராது. பின் ஜன்னல் வழியா ரோட்டுல வண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு விசில் நிக்கிறதுக்கு, ரெண்டு விசில் போறதுக்கு. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் எத்தனை வண்டி நின்னுச்சு, எத்தனை வண்டி போச்சுன்னு உட்கார்ந்த இடத்துலயே சொல்லிடுவேன். நேத்து ஒரு வண்டி நின்ன சத்தம் கேட்டுச்சு, போன சத்தம் கேட்கவே இல்லை. மத்தியானம் பூரா அதே நினைப்பு. சோறு இறங்கலை.

பூட்டு ஏன்னு கேட்கக் கூச்சப்படுறீங்க. திருட்டுப் பயம்தான். இந்த ஹவுசிங் போர்டுல போன தீபாவளிக்கு ஒரு வீட்டுல டிவியைத் தூக்கிட்டான். ஆனா வெளியே பூட்டுனா வீட்டுல ஆள் இல்லைன்னு திருடன் தைரியமா வரமாட்டானா? கோமதிகிட்ட கேட்டேன். "வந்தா அவனுக்கு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுங்கப்பா"ங்கிறா. கேஸ் சிலிண்டரையும் மூடிட்டுப் போறா. அதுவும் திருடனுக்காகவாம். அவன் வந்து டீ போடுவானா?

இன்னொரு காரணமும் சொல்லுவா. அது பெரிய விஷயம் இல்லை. ஒருநாள் காய்கறி வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுல சங்கரன்கோவில் வண்டி. முகூர்த்த நாள், படியில தொங்குறாங்க. கண்டக்டர் புது ஆள், முன்பக்கம் மாட்டிக்கிட்டுப் பின்பக்கம் வர முடியாம முழிக்கிறாரு. பார்த்துக்கிட்டு நிக்க மனசு வருமா? ஏறினேன். "உள்ளே போ, உள்ளே போ, நடுவுல கால்பந்து விளையாடலாம், அவ்வளவு இடம் இருக்கு"ன்னேன். சட்டைப் பையில விசில் இருந்துச்சு. ரெண்டு ஊதினேன். டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு! விசில்னா விசில்தானே, யாரு ஊதினதுன்னா பார்ப்பாரு? கழுகுமலை வரைக்கும் நான்தான் ஸ்டாப் சொல்லி இறக்கிவிட்டேன். ஒரு அம்மா, "அண்ணாச்சி கூப்பிடுற தோரணையே தோரணை"ன்னுச்சு. அந்தக் கண்டக்டர் ஒருவழியா நீந்தி வந்து, "பெருசு, யாரு நீங்க? விசிலைக் குடுங்க முதல்ல"ங்கிறாரு. "பேட்ஜ் நம்பர் 4127. உம்ம நம்பர் என்ன?"ன்னேன். டிக்கெட் போட முன்பக்கம் திரும்பிட்டாரு.

சங்கரன்கோவில்ல இறங்கினதும் திரும்பறதுக்கு எந்த வண்டின்னு ஒரு சின்னக் குழப்பம். ஸ்டாண்டை மாத்திட்டாங்க போல. டைம் கீப்பர் ரூம்ல உட்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்தாங்க. மரியாதையான ஆளுங்க. பொழுது சாயுற நேரம் கோமதி வந்தா. என் வாயில இருந்த விசிலை எடுத்துத் தன் பையில போட்டுக்கிட்டா. அவ்வளவுதான் நடந்துச்சு. காய்கறி வாங்காமப் போனதுல கோபம்.

அடுத்த வாரம் இந்தப் பூட்டு. "வண்டி டிப்போவுக்கு வந்தாச்சு மாமா"ன்னாரு மாப்பிள்ளை. நானும் சிரிச்சேன்.

சரி, புஸ்தகத்துக்கு வருவோம். முன்னாடியெல்லாம் நான் பெரிய படிப்பாளி கிடையாது. வண்டி கிளம்ப நேரம் இருந்தா, யாராவது சீட்டுல விட்டுட்டுப் போன வாரப் பத்திரிகையைப் புரட்டுவேன். ரிட்டயர் ஆன பிறகுதான் நாவல். இப்ப இந்தக் கம்பி வழியா நுழையுற நாவல் மட்டும். ரெண்டு விரல் கனம்தான் அளவு. அந்தக் கண்ணாடிப் பொண்ணு ஒரு தடவை அறுநூறு பக்கத்துல ஒண்ணு கொண்டு வந்துச்சு. படுக்கப் போட்டு, நிமிர்த்தி, சாய்ச்சுப் பத்து நிமிஷம் முட்டிப் பார்த்தோம். "வேண்டாம் தாயி, அதுவாவது வெளியே இருக்கட்டும்"னு திருப்பி அனுப்பிட்டேன். இந்தக் கனத்துல உங்க லைப்ரரியில மொத்தமே நாற்பது சொச்சம் நாவல்தான் இருக்காம். அதையே சுத்திச் சுத்திக் கொண்டு வர்றதா அந்தப் பொண்ணு வருத்தப்பட்டுச்சு. எனக்கு அப்படித் தெரியலை. எல்லாம் புதுசாத்தான் இருக்கு.

இப்ப அடையாளத்தைச் சொல்றேன். லைப்ரரிப் புஸ்தகம் படிக்கிறவங்க எல்லாருக்கும் ரகசியமா ஒரு அடையாளம் உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். படிச்ச புஸ்தகத்தையே மறுபடி எடுத்துட்டு வந்து ஏமாறக் கூடாதுல்ல, அதுக்கு. எதிர் வீட்டு ஆக்னஸ் டீச்சர் பதினேழாம் பக்கத்துல பொடிசா ஒரு சிலுவை போடுவாங்க. நான் நாற்பத்தோராம் பக்கத்துல ஒரு வட்டம் போட்டு உள்ளே ஒரு புள்ளி வைப்பேன். என் பேட்ஜ் நம்பர்ல முதல் ரெண்டு எண். யாருக்கும் சொன்னதில்லை.

அதே அடையாளத்தை வேற ஒரு ஆள் போடுறான்.

சிரிக்காதீங்க. புதுசா வர்ற நாவலைத் திறக்கிறேன், நாற்பத்தோராம் பக்கம் புரட்டுறேன், வட்டம் இருக்கு. உள்ளே புள்ளி. நான் கண்ணால பார்க்காத புஸ்தகம்! அது மட்டுமா, கடைசிப் பக்கத்துல பென்சில்ல தன் அபிப்பிராயம் வேற. அதுவும் நான் செய்யுற வேலைதான். படிச்சு முடிச்சதும் மனசுல பட்டதை நாலு வரி எழுதி வைக்கிறது. லைப்ரரியில திட்டுவாங்கன்னு தெரியும், ஆனா எழுதலைன்னா யார்கிட்ட சொல்றது? கோமதிக்குக் கேட்க நேரமில்லை. ஆக, நான் எழுதப் போற இடத்துல அந்த ஆள் முன்னாடியே ஏறி உட்கார்ந்திருக்கான். ஜன்னல் சீட்டு.

கிணறு தோண்டுற நாவலை எடுத்துக்கோங்க. பேரு ஞாபகமில்லை, பச்சை அட்டை. அப்பன் தோண்டுறான், தண்ணி இல்லை. மகன் தோண்டுறான், தண்ணி இல்லை. பேரன் வந்து கடப்பாரையை எடுக்கிறான், எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. ஆசிரியருக்குத் தண்ணின்னா பயமோ என்னமோ. நாலு அத்தியாயத்துல ஊத்து வந்திருக்கணும், மிச்சத்துக்கு விவசாயம் பண்ணியிருக்கலாம். என் நேர்மையான கருத்து அதுதான். எழுதலாம்னு கடைசிப் பக்கத்தைத் திருப்பினா, "தண்ணீர் வராததுதான் கதை. அவசரக்காரர்கள் இதைத் தொட வேண்டாம்"னு இருக்கு. யாரைச் சொல்றான்? என்னைத்தானே! அதுக்கும் கீழே இன்னொரு வரி, அதே கை, வேற தேதி. "இரண்டாம் முறை படித்தேன். இப்போதும் அதே எண்ணம்." ரெண்டு தடவை படிச்சிருக்கான் தாயி, அந்தக் கிணத்தை! வேலை வெட்டி இல்லாத ஆள்.

அப்புறம் அந்தப் பொம்பளை நாவல். மெட்ராஸ்ல ஒரு வீடு, ஒரு ஜன்னல், அதுல ஒரு பொம்பளை. புருஷன் நல்லவன் இல்லை, போயிடணும்னு நினைக்கிறா. நூத்தம்பது பக்கமா நினைக்கிறா. கதவு திறந்து கிடக்கு! பூட்டு இல்லை, காவல் இல்லை. எழுந்து போக வேண்டியதுதானே? எனக்கு வந்த ஆத்திரத்துல புஸ்தகத்தைக் கட்டில்ல வீசிட்டேன். இந்தக் காலத்து எழுத்தாளருக்கெல்லாம் ஆளை அடைச்சு வெச்சுப் பார்க்கிறதுல ஒரு ருசி. அந்த ஆள் என்ன எழுதியிருக்கான்? "போய் எங்கே இறங்குவாள்? ஆசிரியர் அதை யோசித்திருக்கிறார், நாம்தான் யோசிக்கவில்லை." இதைப் படிச்சுட்டு மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினேன், ஒத்துக்கிறேன். ஆனாலும் என் கட்சியை விடலை. கீழேயே எழுதினேன், "கதவு திறந்திருந்தால் போக வேண்டும்."

துப்பறியும் நாவல் ஒண்ணு, கடைசித் தாளை எவனோ கிழிச்சுட்டான். அதுல முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கான். "டாக்டர்தான் கொலைகாரர். கடைசித் தாள் கிழிந்துவிட்டதால் அடுத்து ஏறுகிறவர்களுக்காகத் தெரிவிக்கிறேன்." படிக்கிறவங்கன்னு எழுதத் தெரியலை, ஏறுகிறவங்களாம்! கோபமா வந்துச்சு, சஸ்பென்ஸ் போச்சேன்னு. அப்புறம் நினைச்சேன், இரக்கமுள்ள ஆள்தான். நடுவழியில யாரையும் இறக்கிவிட மனசு வரலை.

எனக்குச் சந்தேகம் வந்தது பஸ் நாவல்ல. ஒரே ராத்திரிப் பயணம், நாற்பது பயணி, ஆளுக்கு ஒரு கதை. கதை சுமார். ஆனா கண்டக்டர் பக்கத்துக்குப் பக்கம் மணியடிக்கிறாரு. கயித்தைப் பிடிச்சு இழுத்து, டிங் டிங். நம்ம பக்கத்து வண்டியில ஏது மணி? பென்சிலை எடுத்துக்கிட்டுக் கடைசிப் பக்கம் போறேன், "மணி இல்லை. விசில்"னு எழுதியிருக்கு. அடியில ரெண்டு கோடு! அப்பவே முடிவு பண்ணிட்டேன். நம்ம டிப்போ ஆள். என் பேட்ஜ் நம்பரைத் தெரிஞ்ச ஆள். என்னோட ரிட்டயர் ஆகி, எங்கேயோ பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு எனக்கு முன்னாடி எல்லாப் புஸ்தகத்தையும் படிக்கிறான்.

என்ன காட்டுறீங்க? லைப்ரரி கார்டுல இருக்கிற என் கையெழுத்தையும் புஸ்தகத்துல இருக்கிற அந்தப் பென்சில் எழுத்தையுமா? கோமதியும் இதே வேலையைப் பண்ணினா தாயி. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எழுதுங்கப்பா, தண்ணீர் வராததுதான் கதைன்னு எழுதுங்க"ன்னா. எழுதினேன். புஸ்தகத்தைப் பக்கத்துல வெச்சா. "பாருங்க, த-வைப் பாருங்க, ர-வுக்குக் கீழே இழுத்திருக்கிறதைப் பாருங்க. ஒரே கை"ங்கிறா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடப்பாவி, எவ்வளவு பழகியிருக்கான்"னேன். ஒரே மாதிரி இருந்தாத்தானே கள்ளக் கையெழுத்து? வேற மாதிரி இருந்தா அதுக்குப் பேரு வேற கையெழுத்து. பஸ் பாஸுல எத்தனை கள்ளக் கையெழுத்து பிடிச்சிருக்கேன், எனக்கா தெரியாது?

ஆக்னஸ் டீச்சர் அந்தக் கதவுல நின்னுக்கிட்டே, "கண்டக்டரே, அது நீங்கதான். விடுங்க, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க"ங்கிறாங்க. "டீச்சர், நீங்க எழுதினதை நீங்க அடிச்சுத் திருத்துவீங்களா?"ன்னு கேட்டேன். "நாற்பது வருஷம் அதைத்தான் செஞ்சேன்"னாங்க. டீச்சர்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ஆள் மேல எனக்கு இருந்த கோபம் போன வாரம் போயிடுச்சு. ஒரு நாவல். வடக்கே நாற்பது வருஷம் வேலை பார்த்துட்டு ஒருத்தன் சொந்த ஊருக்கு வர்றான். தெருவுல நிக்கிறான். வீடு தெரியலை. அவன் பிறந்த வீடு! நேர் எதிர்ல நின்னுக்கிட்டு, "இங்கே மூணாவது வீடு எது?"ன்னு போறவங்க வர்றவங்களைக் கேட்கிறான். நம்புற மாதிரியா இருக்கு? ஆசிரியர் அழ வைக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு எழுதினா இப்படித்தான். ஒரு மனுஷன் தன் தெருவை மறப்பானா? அவனைப் பத்தி எழுதவே எனக்குப் பிடிக்கலை. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஆள் எழுத்து கொஞ்சம் கோணலா இருந்துச்சு. வழக்கமா அழுத்தி எழுதுற ஆள்.

"இது நடக்கும். எனக்கு நடந்தது. இரண்டு முறை. கோமதியிடம் சொல்லவில்லை."

அவருக்கும் கோமதின்னு ஒரு பொண்ணு போல. இந்தப் பக்கத்துல தெருவுக்கு நாலு கோமதி. எங்க கோமதிகிட்ட காட்டினேன், "பாரு, உன் பேரை இழுத்திருக்கான்"னு. வாங்கிப் படிச்சா. புஸ்தகத்தை மூடினா. மறுபடி திறந்து தேதியைப் பார்த்தா. தேதி ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. "யாருப்பா கூட்டிட்டு வந்து விட்டாங்க, அந்த ரெண்டு தடவையும்?"ன்னு என்னைக் கேட்கிறா. எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளைத்தான் கேட்கணும். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டா. கழுவுறதுக்குப் பாத்திரம் ஒண்ணும் இல்லை. தண்ணி வீணாப் போகுதேன்னு நான்தான் போய் மூடினேன்.

இனிமே அவரை அவன் இவன்னு சொல்லக் கூடாது. பாவம், ஏதோ கஷ்டம். யார்கிட்டயும் சொல்லாம லைப்ரரிப் புஸ்தகத்துல வந்து சொல்லியிருக்காரு.

இப்பப் பாருங்க என் நிலைமையை. லெட்டர்ல என்ன போட்டிருக்கு? "தாங்கள் எழுதியுள்ள நேர்மையான கருத்துகள்." நீங்க டைப் அடிச்சு இணைச்சிருக்கிற பட்டியலையும் பார்த்தேன். முப்பத்தெட்டு கருத்து. அதுல கிணறு இருக்கு, விசில் இருக்கு, போய் எங்கே இறங்குவாள் இருக்கு. எல்லாம் அவரோடது. என்னோடதுன்னு சொல்லிக்க "கதவு திறந்திருந்தால் போக வேண்டும்" ஒண்ணுதான். அதையும் கடைசியில போட்டிருக்கீங்க.

நேத்து பூரா யோசிச்சேன். ரெண்டு தடவை பென்சிலைக் "கலந்துகொள்கிறேன்" கட்டம் வரைக்கும் கொண்டு போனேன். யாருக்குத் தெரியப் போகுது? கோமதியே அது நீங்கதான்ங்கிறா. டீச்சரும் நீங்கதான்ங்கிறாங்க. நீங்களும் அதைத்தான் சொல்ல வர்றீங்க, வாயைத் திறந்து திறந்து மூடுறீங்க. ஊரே நீதான்னு சொல்லும்போது ஆமான்னு தலையை ஆட்டிட்டா சனிக்கிழமை இந்தக் கேட்டு திறக்கும். நாற்பத்திரண்டு படி. ரோடு. லைப்ரரிக்கு நடந்தே போகலாம், பஸ் ஸ்டாண்டு வழியா. ஒரு வண்டி கிளம்புறதை நின்னு பார்க்கலாம். பொன்னாடையெல்லாம் எனக்கு எதுக்கு, அந்த ஒண்ணு போதும்.

ஒருவேளை நிஜமாவே நான்தானோன்னும் யோசிச்சுப் பார்த்தேன். மறைக்கலை. மத்தியானம் சாப்பிட்டுட்டு இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தேன். சரி, நானேன்னு வெச்சுக்குவோம். அப்படின்னா இந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லா நாவலையும் நான் படிச்சிருக்கேன். ரெண்டு தடவை, மூணு தடவை. அப்ப அதெல்லாம் எங்கே? கிணத்துல தண்ணி வந்துச்சா வரலையான்னு, டாக்டரா டிரைவரான்னு, எனக்குள்ள எங்கேயாவது கிடக்கணுமே? ஒரு மனுஷன் படிச்சதெல்லாம் எங்கே போகும், சொல்லுங்க. வீடு பூட்டித்தான் கிடக்கு. வெளியே போக வழியில்லை. தேடிப் பார்த்தேன் தாயி. ரொம்ப நேரம் தேடினேன். இல்லை.

அதனால அது நான் இல்லை.

நேர்மையான கருத்துக்குப் பரிசு கொடுக்கிறீங்க. வேற ஒருத்தருக்கு உரியதை என் பேர்ல வாங்கிட்டு வந்தா அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒரு நாவலைக் குறை சொல்றது? என்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

இந்தாங்க. "கலந்துகொள்ள இயலாது"ல டிக் பண்ணிட்டேன். கீழே எழுதியிருக்கேன் பாருங்க. "பரிசுக்கு உரியவர் நான் அல்ல. நாற்பத்தோராம் பக்கத்தில் அடையாளம் இடுகிறவரைத் தேடிக் கொடுக்கவும். நல்ல வாசகர்." மெதுவா இழுங்க, கம்பியில கிழிஞ்சுடும்.

இல்லை தாயி, மாத்தி எழுதச் சொல்லாதீங்க. கோமதிகிட்ட நான் சொல்லிக்கிறேன். மறந்துட்டேன்னா நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. அவரு வீடு எங்கேன்னு டிப்போவுல விசாரிங்க, கட்டாயம் தெரிஞ்சிருக்கும். முன்கூட்டியே சொல்லிட்டா சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் டாண்ணு வந்து உட்கார்ந்துடுவாரு. அவரை என்ன, பூட்டியா வெச்சிருக்காங்க?